சர்க்கரை முந்தும், எடை பிந்தும்

அன்புள்ள மீனாவுக்கு,

எடை குறைக்கும் பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். (பைபாஸ் என்றாலே நம் வீட்டில் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார்கள். இது வயிற்றுக்கு என்று நீயே சொல்லிவிடு.) எடை குறைந்த பிறகுதான் சர்க்கரை குறையும் என்று நினைத்திருக்கிறாய். அப்படியில்லை. பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடும். பழைய அளவிலேயே மருந்து போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து.

முதலில் அடங்குவது கல்லீரல். சாப்பாடு ஒரேயடியாகக் குறைவதால் அதில் படிந்த கொழுப்பு கரையத் தொடங்கும். இரவெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்தது நிற்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சீக்கிரம் சரியாவது இதனால்தான். தசைகளில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சொல்லை உடம்பு சரியாகக் கேளாமை) அவ்வளவு லேசில் போகாது, எடையோடு சேர்ந்து மாதக்கணக்கில்தான் தளரும்.

குடலுக்கும் இதில் பங்கு உண்டு. வயிற்றின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு பையை மட்டும் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் விரைந்து கீழே போவதால் கீழ்க்குடலில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கும். இரண்டும் "போதும்" என்று சொல்லவைக்கும். ஜிஎல்பி-1 கணையத்தையும் உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும். உன் தோழி செய்துகொண்ட ஸ்லீவ் என்ற வேறு வகை எடைக் குறைப்பு அறுவையில், வயிற்றில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எடுத்துவிடுவதால், பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் இடமே போய்விடும்.

அதே ஜிஎல்பி-1 பின்னால் சிலருக்குத் தொல்லையும் தரும். பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து, இனிப்போ வெள்ளைச் சோறோ நிறையச் சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிப் பாய்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். முட்டை, மீன், பருப்பை முதலில் சாப்பிடு, சோற்றைக் கடைசியில் கொஞ்சமாக. தண்ணீரை அரை மணி நேரம் தள்ளிக் குடி.

மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேள். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமெபிரைடை வழக்கமாக நிறுத்திவிடுவார்கள், இன்சுலினைக் குறைப்பார்கள், மெட்ஃபார்மின் பெரும்பாலும் தொடரும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) ஏறி அமிலம் மிகுந்துவிடலாம். மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

வீட்டுக்கு வந்தபின் வாந்தி நிற்காவிட்டால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதே. அறுவை நடந்ததைச் சொல்லி முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி கேள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளையே பாதிக்கப்படலாம்.

உனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருக்கிறது. இன்சுலின் குறைந்தால் சினைப்பையில் ஆண் ஹார்மோனும் குறையும். வராத மாதவிடாய் வரலாம், கருவும் தங்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. காப்பர்-டி பற்றிக் கேள்.

நோய் வேரோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள், நம்பிவிடாதே. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2017-இல் வெளியிட்ட ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6 சதவீதத்துக்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் மீதிப் பேரையும் எண்ணிப் பார்.

எம்பாகிளிஃப்ளோசின் நிறுத்தும் தேதியை டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வை.

அன்புடன்,
அம்மா