யாரும் பார்க்காத இடத்திலிருந்து வந்த பொடி

மான்பெண் பொம்மை பிணை தன் வீடு சேர்ந்துவிட்டாள். சற்றுமுன் செய்தி வந்தது. "வந்துட்டா" என்று ஒரே ஒரு வார்த்தை, கூடவே ஒரு படம். பெட்டிக்குள் விரித்த துணியில் படுத்திருக்கிறாள். கொம்புகள் இரண்டும் தனியாகப் பஞ்சுக்குள் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் நேராக நெற்றியில் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம், கொம்புக் குழிக்குக் கீழே, கண்ணின் ஓரம் வரைக்கும். ஒன்றும் தெரியவில்லை. விரிசல் எங்கே இருந்தது என்று அறிந்த எனக்கே தெரியவில்லை.

உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு எழுதினால் வார்த்தைகள் ஒழுங்காக வரும், ஆனால் நெஞ்சில் இப்போது இருக்கும் படபடப்பு அடங்கியிருக்கும். இந்தப் படபடப்போடுதான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கொம்புக்குக் குழி தோண்டும்போது அவள் நெற்றியில் விரிசல் விழுந்த அந்த வாரத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. என் புலம்பலை ராத்திரி பகல் பாராமல் கேட்டவர்கள் நீங்கள். டிரில் பிட் திரும்பிய அந்த நொடியில் எழுந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அவள் என் பொம்மை இல்லை. அந்த அச்சில் இனி யாரும் வார்க்கப் போவதும் இல்லை. இன்னொரு தலை வாங்கி வைத்துவிடலாம் என்ற வழியே கிடையாது. இது போதும், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அவளை என்னிடம் ஒப்படைத்த சொந்தக்கார அம்மா முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று தாளில் வரைந்து கொடுத்திருந்தார். மனித முகம், மான் காது, கிளைவிட்ட கொம்பு, குதிகால் தூக்கிய குளம்புக் கால். "பெண்மானுக்கு ஏதம்மா கொம்பு?" என்று கேட்டதற்கு, பனிமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்று பட்டென்று சொன்னார். பெயரும் அவர் வைத்ததுதான். பழைய தமிழில் பெண்மானுக்குப் பிணை என்று பேர், கட்டுவதற்கும் அதே சொல். தலையிலிருந்து பாதம் வரைக்கும் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் ஒரு பந்துமூட்டுப் பொம்மையின் உயிர். அப்படிப்பட்ட உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றியிருக்காது.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து. விரிசல் முடியும் இடத்தில் 1 மில்லிமீட்டர் துளை போடு, அப்போதுதான் அது மேற்கொண்டு ஓடாது என்று முதல் மணி நேரத்திலேயே சொன்னவருக்கு. அசிட்டோன் பக்கமே போகாதே, பொம்மையை வார்த்திருக்கும் ரெசினை அரித்துவிடும் என்று தடுத்தவருக்கு. குளம்பு வைத்தபின் நிற்க மாட்டேன் என்று சரிந்துகொண்டே இருந்தவளுக்கு, முழங்கால் மூட்டுக்குள் மெல்லிய தோல் ஒட்டிப் பிடிமானம் கொடுக்கச் சொன்னவருக்கு. கொம்பு மாட்டக் காந்தம் ஒட்டும்முன் எந்தப் பக்கம் எதை இழுக்கிறது என்று மையால் புள்ளி வைத்துக்கொள் என்று நினைவூட்டியவருக்கு. தன் சுவாசக் கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நீ முடிக்கிறவரைக்கும் நான் ஸ்ப்ரே அடிக்கப் போறதில்லை" என்று சொன்ன தோழிக்கு. எதுவுமே சொல்லத் தெரியாமல் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு. உங்கள் ஒவ்வொருவர் கையும் அவள் உடம்பில் இருக்கிறது.

ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி ஒருவருக்காக. அவர் பெயரை எழுத முடியாது, எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குமுன் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் செய்தது என்னவென்று புரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999-இல் ஜப்பானிய நிறுவனமான வோல்க்ஸ் தன் முதல் பந்துமூட்டுப் பொம்மையான சூப்பர் டால்ஃபியை வெளியிட்ட காலத்திலிருந்தே இந்தக் கலையில் இருப்பவர்கள் பார்த்து வருவதுதான்: பாலியூரித்தேன் ரெசின் பழுக்கும். வெளிச்சம் பட்டால் வேகமாக, படாவிட்டால் மெதுவாக. வெள்ளை என்று வாங்கியவள் வருஷங்கள் போகப் போகத் தந்த நிறத்துக்கு வந்துவிடுவாள். பிணையும் அப்படித்தான் கனிந்திருந்தாள். அவள் நெற்றியில் நான் எபாக்ஸி களிமண்ணை வைத்து அடைத்தால் இறுகும், ஒட்டும், பலமாகவும் இருக்கும். காதுகளையும் குளம்புகளையும் அதில்தானே செய்தேன்! ஆனால் ரெசினுக்குள் வெளிச்சம் கொஞ்சம் புகுந்து வெளிவரும், தோல் போல. களிமண் வெளிச்சத்தை உள்ளே விடாது. அந்த இடம் சுண்ணாம்புக் கோடு மாதிரி நிற்கும்.

பெயின்ட் அடித்து மறைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டது நியாயம்தான். ஆனால் ஃபேஸ்அப், அதாவது பொம்மைக்கு முகம் தீட்டுவது என்பது சுவருக்குச் சாயம் பூசுகிற மாதிரி வேலை இல்லை. பேஸ்டல் குச்சியைச் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் கன்னத்தில் தேய்க்கிறோம். ஒரு படலம் தேய்த்து, மேட் ஸ்ப்ரே அடித்து, காயவிட்டு, அதன்மேல் இன்னொரு படலம். மூச்சுக்காற்று அளவுக்கு மெல்லியது. அடியில் இருக்கும் ரெசின்தான் அந்த முகத்துக்கு நிறம். அதை மூடும் அளவுக்குத் தடிமனாகப் பூசினால் முகம் முகமூடியாகிவிடும்.

இப்படி நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நாளில்தான் அந்த உறை வந்தது. உறைமேல் அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே மாத்திரை போட்டு வைக்கும் சின்ன டப்பா, நாலு குழி உள்ளது. ஒவ்வொரு குழியிலும் பொடி. முதலாவது பால் வெள்ளை. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மஞ்சள். மூன்றாவது இன்னும் கொஞ்சம். நாலாவது பழைய புத்தகத்தாள் நிறம். டப்பாவோடு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரெசின் துண்டு. அதில் நாலு புள்ளிகள், பக்கத்தில் பென்சிலால் 1, 2, 3, 4. நாலு பொடியையும் சூப்பர் குளூவில் குழைத்து, காயவைத்து, தேய்த்துப் பார்த்து, எது எப்படி வரும் என்று எனக்காகச் செய்து காட்டியிருந்தார்.

நாலாக மடித்த ஒரு தாள். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், இதற்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டேன்:

"பயப்படாதீங்க தங்கச்சி. இது ரெசின் பொடிதான், உங்க பொம்மை மாதிரியே வெள்ளை. என் பொம்மையோட தலைமூடிக்கு உட்பக்கம் தேய்ச்சு எடுத்தது. அங்க யாரும் பார்க்கப் போறதில்லை. உட்பக்கம் பழுக்காம வெளுப்பா இருந்துச்சு, அதனால காவி பேஸ்டல் கலந்து மூணு விதமா பண்ணியிருக்கேன். மூணாவது சரியா இருக்கும்னு நினைக்கிறேன். பகல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, விளக்குல பார்த்து முடிவு பண்ணாதீங்க. தண்ணில நனைச்சுத்தான் தேய்ச்சேன், ஆனா பொடி காஞ்சிருக்கு, திறக்கும்போது கவசம் போட்டுக்கோங்க."

கையெழுத்து இல்லை. தலைமூடி என்பது விக்குக்கு அடியில் கழற்றி மாட்டும் மண்டையின் மேல்பாகம். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டதால் நானும் அக்கா என்றே சொல்கிறேன்.

அக்கா, மூன்றாவதுதான். ஜன்னலோரம் நெற்றிக்குப் பக்கத்தில் உங்கள் ரெசின் துண்டை வைத்தேன். மூன்றாம் புள்ளி எங்கே முடிந்து அவள் நெற்றி எங்கே தொடங்குகிறது என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

விரிசலின் வாயைக் கூர்கத்தியால் சாய்வாகச் செதுக்கினேன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டுப் பசை, அதன்மேல் ஒரு சிட்டிகை பொடி. பொடி பசையைக் குடித்து ஒரு நொடி கறுத்தது, பிறகு தன் நிறத்துக்குத் திரும்பியது. மறுபடி சொட்டு, மறுபடி சிட்டிகை. ஐந்து தடவை. பசை முழுக்க இறுகிவிட்டால் சுற்றியுள்ள ரெசினைவிடக் கெட்டியாகிவிடும், அப்புறம் அதைத் தேய்க்கும்போது பக்கத்து ரெசின்தான் குழியும். அதனால் தாமதிக்கவில்லை. உப்புத்தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றிக்கொண்டு 400, 800, 1200 என்று வரவர நைசான தாளில் தண்ணீரோடு இறங்கினேன். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் கோடு இன்னும் கொஞ்சம் காணாமல் போனது. கடைசியில் விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதன்முறையாக அழுதேன்.

அதன்பிறகு ஸ்ப்ரே அடிக்க மூன்று நாள் காத்திருந்தேன். காற்றில் ஈரம் இருந்தால் படலம் பனிமூட்டம் போல வெளுத்துவிடும், இவ்வளவு தூரம் வந்து அவசரப்பட மனம் இல்லை. காய்ந்த நண்பகலில் அடித்தேன். முகம் முழுக்க ஒரே தோலாக இருந்தது. கொம்புக் குழியை மறுபடி தோண்டும் வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. இந்தத் தடவை மின்சார டிரில்லைத் தொடவில்லை. கையால் சுற்றும் துரப்பணத்தில் 1 மில்லிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு அளவாக ஏற்றி, ஒரு குழிக்கு முழுக் காலைப்பொழுது.

வேலையெல்லாம் முடிந்தபிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என் சொந்தப் பொம்மை ஒருத்தி அலமாரியில் இருக்கிறாள். அவளுடைய தலைமூடியைக் கழற்றி, உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு வரும் என்று பார்க்கலாமே என்றுதான். சாயங்காலம் ஆரம்பித்தேன். தேய்த்த நீரைக் கிண்ணத்தில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடியில் தங்கியதை மூடி உலரவைத்தேன். மறுநாள் பார்த்தால் கால் ஸ்பூன்கூடத் தேறவில்லை. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன, மணிக்கட்டு வலித்தது. அக்கா, உங்கள் டப்பாவில் நாலு குழி நிறைய இருந்தது. நீங்கள் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதைவிடவும் என் மனதில் நிற்பது, உங்கள் பொம்மையை நீங்கள் தேய்த்தீர்கள் என்பது. நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களை எடுக்கும்முன் கை கழுவுகிறோம். வெயில் படாமல் திரைபோட்டு வைக்கிறோம். ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. அப்படி வைத்திருக்கும் ஒருத்தியின் தலையைத் திறந்து, உப்புத்தாளை வைத்து, முன்பின் அறியாத ஒருத்திக்காகத் தேய்க்க எப்படி மனம் வந்தது? "அங்க யாரும் பார்க்கப் போறதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அவள் விக்குக்குள், மூடிக்குள், யாரும் பார்க்காத அந்த இடம் உங்களால் ஒரு தாள் அளவு மெலிந்திருக்கிறது. இங்கே பிணையின் நெற்றியில் அது இருக்கிறது. இதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

சொந்தக்கார அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. விரிசல் விழுந்த அன்றே உங்களிடம் சொல்லிவிட்டேன், சொல்லும்போது குரல் எழும்பவில்லை. "காட்டுல திரியற மானுக்கு ஒரு தழும்பு இருந்தா என்ன கண்ணு?" என்றீர்கள். தழும்பாகவே வரைந்துவிடலாம் என்று ஒரு ராத்திரி யோசித்ததும் உண்மை. அழகாகக்கூட இருந்திருக்கும். ஆனால் உங்கள் மூன்று தாளிலும் அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கனவை மாற்ற எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வரைந்தவளே வந்திருக்கிறாளா, சொல்லுங்கள். அவள் எழுந்து நிற்கும் படத்துக்காகக் காத்திருக்கிறேன். கொம்பு மாட்டும்போது மேலிருந்து அழுத்த வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே காந்தம் இழுத்துக்கொள்ளும்.

இனிமேல் நான் தேய்க்கும் எந்தப் பொடியையும் கழுவி ஊற்றப் போவதில்லை. வார்ப்பு அச்சு விட்டுப்போன தையல் கோடு எடுக்கும்போதும், பாதத்தை அறுக்கும்போதும், மூட்டைச் சீவும்போதும் இத்தனை வருஷமாக எவ்வளவு வடிந்து போயிருக்கும் என்று நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. இனி எல்லாவற்றையும் தெளியவைத்து, உலரவைத்து, மூடி இறுக்கிய சின்னப் புட்டிகளில் போட்டு வைப்பேன். எந்தப் பொம்மை, என்ன நிறம், எந்த வருஷத்து வார்ப்பு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவேன். அக்கா, இது உங்களிடம் சொல்லும் சத்தியம்.

முதல் புட்டிக்கு இன்று சீட்டு ஒட்டிவிட்டேன். வெள்ளை ரெசின், உட்பக்கத்துப் பொடி, கால் ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. யாருக்காவது தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள், நிறம் பார்த்துக் கலந்து அனுப்புகிறேன்.