தளிர்களை எண்ணினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் பயறு வகைகளின் திசு வளர்ப்பு (செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் ஊட்டக் கலவையில் வைத்துப் புதுச்செடி பெறும் முறை) பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கலவையாகிய வளர்ப்பூடகத்தில் ஊட்டங்களைக் கூட்டினால் தளிர்கள் பெருகும் என்று அதில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் எத்தனை தளிர்கள் வந்தன என்பதோடு நின்றுவிட்டால், உளுந்து, கொண்டைக்கடலை போன்ற பயிர்களில் தவறான முடிவுக்கே வருவோம்.

உளுந்து நாற்றில் வித்திலை (விதையிலிருந்து வரும் முதல் இலை) இணையும் கணுவை வெட்டி, பென்சைல் அடினைன் என்ற தளிரைத் தூண்டும் ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வைத்தால், சில வாரங்களில் மொட்டுகள் கொத்தாகத் திரளும். ஒரு வரம்பு வரை அதன் அளவைக் கூட்டக் கூட்டக் கொத்தும் அடர்த்தியாகும். ஆனால் அவற்றில் பல மொட்டுகள் நீள்வதே இல்லை, சில நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடுகின்றன, அவை வேர்விடுவதும் மண்ணில் பிழைப்பதும் அரிது.

ஹார்மோனுக்குக் கொடுக்கும் கவனத்தை அடிப்படை உப்புகளுக்கு நாம் கொடுப்பதில்லை. 1962-இல் தாவர அறிவியலாளர்கள் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊடகத்தில் நைட்ரஜன் லிட்டருக்குச் சுமார் 60 மில்லிமோல். அதில் மூன்றில் ஒரு பங்கு அம்மோனியம். 1968-இல் காம்போர்க் குழுவினர் சோயா வேர்ச் செல்களுக்காக வகுத்த பி5 ஊடகத்தில் அம்மோனியம் சுமார் 2 மில்லிமோல் மட்டுமே. தயமின் என்ற பி1 வைட்டமினோ லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது முராஷிகி-ஸ்கூக் ஊடகத்தில் இருப்பதைப் போல் நூறு மடங்கு. பயறு ஆய்வகங்கள் பலவற்றில் முன்னதன் உப்புகளையும் பின்னதன் வைட்டமின்களையும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

தளிர் நுனி கருகுவதையும் சொல்லியாக வேண்டும். கால்சியம் நீரோட்டத்தோடுதான் நுனிக்குச் செல்கிறது. இறுக மூடிய குடுவையில் நீராவிப்போக்கு குறைவாக இருப்பதால், ஊடகத்தில் கால்சியம் போதிய அளவு இருந்தும் நுனி அதற்குப் பட்டினி கிடக்கிறது. அந்நிலையில் மேலும் உப்பைக் கொட்டுவதைவிடக் காற்றோட்டமுள்ள மூடியைப் போடுவதே பலன் தரும்.

ஊடகத்தில் இளநீரைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதில் சைட்டோகைனின் (தளிரைத் தூண்டும் ஹார்மோன் வகை), சர்க்கரை, அமினோ அமிலங்கள் எல்லாம் இருப்பதாலும், அவற்றின் அளவு காயின் முதிர்ச்சிக்கேற்ப மாறுவதாலும், தளிர் வளர்ந்தது எதனால் என்று பிரித்தறிய முடிவதில்லை. அடினைன் சல்பேட், குளுட்டமின் போன்ற சேர்க்கைப் பொருள்களை அளந்து தனித்தனியே சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

ஆகவே, இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, ஒரு கணுவுக்கு எத்தனை தளிர்கள் என்பதோடு, அவற்றின் நீளம், வேர்விட்டவற்றின் விகிதம், மண்ணுக்கு மாற்றியபின் பிழைத்தவற்றின் விகிதம் ஆகியவற்றையும் தங்கள் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் விரிவுரையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி