காரிமங்கலத்தில் பானெட்டை அடக்கிய அண்ணனுக்கு நன்றி

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு 44ஆம் எண் நெடுஞ்சாலையில் பழைய ஜீப்பில் வந்துகொண்டிருந்தோம். காவேரிப்பட்டணம் தாண்டியதும் எஞ்சினை மூடும் பானெட் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. லாரி ஒன்று முந்திப் போனால் போதும், இடது ஓரம் தூக்கித் தூக்கிப் போடும்.

காரிமங்கலம் டீக்கடையில் நிறுத்தியதும் நீங்களாகவே எழுந்து வந்தீர்கள், அண்ணா. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் பானெட்டைப் பிடிக்கும் கொக்கியைத்தான் முறுக்குவார்கள். நீங்களோ பானெட்டைத் திறந்து, அது உட்காரும் ரப்பரை விரலால் அழுத்திக் காட்டினீர்கள். தேய்ந்து சப்பையாகக் கிடந்தது. கீழிருந்து ரப்பர் தள்ளினால்தானே மேலே கொக்கி இறுகிப் பிடிக்கும்!

பக்கத்துப் பஞ்சர் கடையில் பழைய டியூப் துண்டு வாங்கி, மடித்து அந்த ரப்பர்மேல் வைத்தீர்கள். அப்புறம்தான் கொக்கியின் திருகை இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொஞ்சம் ஏற்றி, நட்டை இறுக்கினீர்கள். "ரொம்ப முறுக்காதீங்க தம்பி, தகடு வளைஞ்சிரும்" என்று எச்சரிக்கை வேறு. தருமபுரி வரை ஒரு சத்தம் இல்லை.

காசு வாங்கவில்லை. பெயர் கேட்பதற்குள் எக்ஸெல் மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டீர்கள். புது ரப்பர் மாட்டியாச்சு அண்ணா. அந்த டீக்கடையில் உங்கள் கணக்குக்குக் காசு கொடுத்து வைத்திருக்கிறேன், மறுக்காமல் குடியுங்கள்.