சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொறுப்பாளர்களுக்கும், மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நீலகிரித் தேயிலைத் தோட்டப் பகுதியிலுள்ள நம் சங்கத்தில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு என்ன பரிசோதனை என்ற கணக்கும் அவருடைய தாளிலேயே இருப்பதால் நான் அதற்குள் போகவில்லை.

முதலில் அஞ்சலி. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சேரம்பாடி தாண்டி சோலாடி வழியாகப் போனால் மேப்பாடி. அங்கே கொழுந்து பறிக்கப் போனவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. நம் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பலருக்கு அது சொந்தபந்தம் இருந்த இடம். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்த பிறகு தொடர்கிறேன்.

ஆகஸ்டில் தொடங்க நினைத்த வேலைகளை அந்தத் துக்கத்தால் தள்ளி வைத்தோம். அதற்குப் பிறகு சில வாரம் சங்கத்துக்கு வந்த பிள்ளைகள் பேசியதெல்லாம் தூக்கம் வராததைப் பற்றித்தான். மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம் என்றார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை நூலகச் சுவரில் எழுதி வைத்தோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் பேசலாம். அழைத்தார்களா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலை. சென்ற பொதுக்குழுவில் வாலிப வயசுப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். செயற்குழு உட்கார்ந்து, என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல் போடப் பார்த்தது. போட முடியவில்லை, ஏனென்றால் அநேகமாக எல்லாமே இருக்கிறது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென்று தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். புதுயுகம் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் நாப்கின். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம், அதுவும் இலவசம். ஆணுறை கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

இத்தனையும் இருக்க, நம் பிள்ளைகள் தாளூர் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாவின் சுல்தான் பத்தேரிக்கு பஸ் ஏறுகிறார்கள். அந்த மருத்துவம் உசத்தி என்பதற்காகப் போகவில்லை. இங்கே சீட்டு எழுதுமிடத்தில் பக்கத்து லைன் அண்ணன் நிற்பார், வெளிப் பெஞ்சில் பெரியம்மா உட்கார்ந்திருப்பார், நர்ஸம்மா அம்மாவோடு படித்தவராக இருப்பார். பத்தொன்பது வயதுப் பெண் வயிற்றுவலி என்று உள்ளே போனால் வெளியே வருவதற்குள் லைனுக்கே செய்தி போய்விடும். பத்தேரியில் யாருக்கும் யாரையும் தெரியாது. பஸ் சார்ஜும் தனியார் டாக்டர் பீஸும் கொடுத்து நம் பிள்ளைகள் வாங்குவது அந்த மறைவைத்தான். ஆகவே புதிய சேவை எதையும் தொடங்காமல், இருக்கிற சேவைக்கு ஒரு மறைவான வாசல் வைத்துத் தருவது என்று முடிவானது.

நூலகத்தின் பின்னறையைக் காலி செய்தோம். அரசு மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் விடுமுறை நாளில், ஊதியம் எதுவும் இல்லாமல் வந்து உட்கார ஒப்புக்கொண்டார்கள். அவர்களின் விருப்பப்படி பெயரைக் குறிப்பிடவில்லை. மருத்துவ முகாம் என்று பெயர் வைக்கவில்லை, ஃபிளக்ஸ் கட்டவில்லை, மைக் இல்லை. நூலகத்துக்கு வருகிறவர் புத்தகம் எடுக்க வந்தாரா டாக்டரைப் பார்க்க வந்தாரா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பெயருக்குப் பதில் டோக்கன் எண். போட்டோ எடுப்பதில்லை என்பதில் செயற்குழுவில் காரசாரமான விவாதம் நடந்தது. போட்டோ இல்லாமல் நன்கொடையாளரிடம் எதைக் காட்டுவது என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. போட்டோ எடுப்பதில்லை என்பது மட்டும் அப்படியே தொடர்கிறது.

வந்தவர்களுக்கு முதலில் பார்த்தது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இந்த வயதுப் பெண்ணுக்கு அது குறைவு. தோட்டத்தில் இதற்கு இரண்டு காரணங்கள் கூடுதலாகச் சேர்கின்றன. ஒன்று கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் அது தோல் வழியே ஏறிக் குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் இதற்காகத்தான். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு அதைத் தருகிறவர் யாரும் இல்லை. இன்னொன்று நாமே பறித்து, நாமே வறுத்து, உலகத்துக்கு அனுப்பும் சரக்கு. சோற்றோடு சோறாகத் தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் இதைக் கம்பெனிக்குச் சொல்லிவிடாதீர்கள் என்றார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் அதைத் தூக்கிப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கறுப்பாகப் போவது கெடுதல் இல்லை. புரட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டு வாக்கியத்தை ஒருவர் பொறுமையாகச் சொன்னதுமே பலர் மறுபடி மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது அரிவாள் செல் பரிசோதனை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் அது. இதை வைத்ததற்கு, நாம் இலங்கையின் கண்டியிலிருந்து திரும்பி வந்த சனம், இது ஆதிவாசிகளின் நோய், நமக்கெதற்கு என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். இந்தியாவில் இந்த ரத்தக் குறைபாடு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1952இல், நம் நீலகிரி மலையில்தான். பணியர், குறும்பர் மட்டுமல்ல, வயநாடன் செட்டி சமூகத்திலும் இது உண்டு. நம் பிள்ளைகள் இன்று யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதற்குப் பழைய வரிசை எதுவும் இல்லை. அந்த மரபணுவை ஒருவர் சுமந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகவே இருப்பார். சுமக்கிற இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆயுளில் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கச் சொல்கிறது. நோய் இருப்பவர்களைக் கவனிப்பதில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. சந்தேகம் வந்தவர்களை அங்கே அனுப்பினோம். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பரிசோதனை முடிவைக் கேட்டு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் வந்தார்கள். கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் பிள்ளையின் சொத்து. சொல்வதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

கேள்விப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முடியாது. நூலகத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, பக்கத்தில் துண்டுச் சீட்டு, பென்சில். பெண்கள் எழுதியது பெரும்பாலும் வெள்ளைப்படுதல், மாதவிலக்கு தள்ளிப்போவது, பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டி. வாசனையோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் இயல்பானது. நிறம் மாறினாலோ அரித்தாலோ டாக்டரிடம் காட்டவேண்டும். ஆண் பிள்ளைகளின் சீட்டுகள் வேறு உலகம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஆண்மைக் குறைவு, சொப்பன ஸ்கலிதம் என்று நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்கள் இந்தப் பையன்களின் கூலிக் காசைத்தான் தின்கிறார்கள். தூக்கத்தில் விந்து போவது நோயில்லை, சுயஇன்பத்தால் முதுகெலும்பு தேயாது, முகம் ஒடுங்காது என்று டாக்டர் பையன்களை மட்டும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். முதல் பத்து நிமிடம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான், லேகியத்துக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா என்று. சிரிப்பு அடங்கியதும் பேச்சு தானாக வந்தது. ஆணுறை, பால்வினை நோய், எச்.ஐ.வி. எல்லாம் அன்றுதான் முதன்முறையாக வெளிப்படையாகப் பேசப்பட்டது. எச்.ஐ.வி. முடிவை அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம் என்று தெரிந்ததும் சிலர் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 1097 என்ற உதவி எண்ணைக் கொடுத்தோம். கூல் லிப் என்ற புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம் பற்றியும் பேசினோம். அதில் பலன் பூஜ்யம்.

அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி எழுதப்பட்ட சீட்டுகளைப் படித்துவிட்டு செயற்குழுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் இன்று வந்திருக்கிறார்கள், நன்றி. நம் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்கிறார்கள், அல்லது ஏற இறங்கப் பார்க்கிறார்கள், அதற்கும் பத்தேரிதான். உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டிய மாத்திரை அது. பால்வினை நோயைத் தடுக்காது. வழக்கமாக எடுக்கத் தக்கதும் இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு என் கருத்து: நாம் சொல்லாத இடத்தில் செல்போன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

நிர்வாகத்துக்கு மிகவும் சிரமமாக இருந்தது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை சம்பந்தப்பட்ட பாலியல் உறவு, இருவரும் விரும்பியதாக இருந்தாலும், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரிந்தவர் எவரும் தகவல் தரவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நம் அறையில் ஒரு பிள்ளை மனம் திறந்து பேசினால் அதுவே போலீஸுக்குப் போகும் என்றால், யார் பேசுவார்கள்? பேசாவிட்டால் நிஜமாகவே துன்புறுத்தப்படும் பிள்ளையை எப்படிக் காப்பது? மூன்று கூட்டம் பேசியும் எல்லோருக்கும் திருப்தியான பதில் வரவில்லை. கடைசியில் ஒரு நடைமுறையை ஏற்றோம். 18க்குக் கீழானவர் வாய் திறக்கும் முன்பே, இந்த ஒரு விஷயத்தை மட்டும் எங்களால் மறைக்க முடியாது என்று செவிலியர் சொல்லிவிடுவார். துன்புறுத்தல் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நாமே கூட இருந்து அழைப்போம். கர்ப்பம் என்றால் வீட்டு வைத்தியம், நாட்டு மருந்து என்று அலையவிடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, அந்தப் பிள்ளையோ பெற்றோரோ கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீஸுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை. திருமணம் ஆகாதவர் என்பதால் சட்டப்படியான கருக்கலைப்பை மறுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பு. 18 முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். அம்மா, அப்பா, கட்டிக்கொள்ளப் போகிறவன் கையெழுத்து எதுவும் வேண்டாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியில் இந்த ஆண்டு நாம் செய்தது பேச்சு மட்டுமே. அந்தப் புற்றில் 100க்கு 70 அளவுக்கு எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைதான் காரணம். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. இந்த வயதுக்கு ஒரு டோஸ்கூடப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. கடையில் ஒரு டோஸ் இரண்டாயிரம் ரூபாய் அளவில் விற்கும் ஊசியைத் தோட்டக் கூலியில் யார் போடுவது? 2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் வட்டாரத்துக்கு எப்போது வரும் என்று கேட்டு மனுக் கொடுத்துள்ளோம். தடுப்பூசிக் கூட்டத்துக்கு மகளோடு வந்த அம்மாமாரை 30 வயது கடந்தவர்களுக்கான பரிசோதனைக்குச் செவிலியர் பிடித்துக்கொண்டார். நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும் சின்ன வேலைதான், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஏற்பாட்டில் இல்லாத இந்த வேலைதான் ஆண்டின் நல்ல பலன் என்பது என் எண்ணம்.

விளையாட்டுப் போட்டி, நோட்டுப் புத்தகம் வழங்கல், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். பின்னறைக் கதவு மழையில் ஊறி உப்பி, சரியாகச் சாத்துவதில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது. புதுக் கதவும் உள்தாழும் போட நிதி வேண்டும். பெண் ஆலோசகர் ஒருவருக்கு மாதம் போக்குவரத்துச் செலவு தர அனுமதி வேண்டும். மலையாளமும் பணியர் மொழியும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் நூலகத்திலேயே கொடுக்க சுகாதாரத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்