எஃப்ஐஆர் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

18 வயது நிரம்பாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால் அவளுடைய ஒப்புதல் மட்டும் போதாது. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஆனால் பாதுகாவலர் என்றால் அப்பா, அம்மா மட்டுமல்லர். சிறுமியைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. வளர்க்கும் பாட்டியும் ஒப்புதல் படிவமான படிவம் 'சி'யில் கையெழுத்திடலாம். இது தெரியாமல் அலையவிடும்போது வாரங்கள் ஓடிவிடுகின்றன. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வரை இருவர் வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நீதிமன்றம்தான்.

பெரிய தடை போலீஸ் பயம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும், உண்மை. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வந்தவளின் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஃப்ஐஆர் பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்கிறது அதே போக்சோவின் 27ஆம் பிரிவு.

பாதுகாவலர் யார், பெயரை வெளியிட வேண்டியதில்லை, எஃப்ஐஆர் இல்லாமலும் பரிசோதிக்கலாம் என்ற இந்த மூன்றையும் ஒவ்வொரு மகப்பேறு புறநோயாளிப் பிரிவிலும் தமிழில் எழுதி ஒட்டுமாறு சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். சிறுமியைத் தனியே உட்காரவைத்து அவள் விருப்பத்தைக் கேட்டுப் பதிவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர் ஒருவர்,
திருச்சி