கையெழுத்துப் போட்டாலும் உன் பங்கு போகாது

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது மாப்ள. இங்கே தங்கச்சிமடத்தில் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கரையில்தான். தம்பி வீட்டில் உட்கார்ந்து வலை பொத்துகிறான். அம்மா நலம், உன்னைக் கேட்டார்கள்.

நீ எழுதியிருந்த விஷயம்தான் மனசை அறுக்கிறது. நீ டிவி சீரியலுக்குப் போட்ட டைட்டில் இசை மறு ஒளிபரப்பில் தினமும் எங்கள் தெருவில் கேட்கிறது, வேறு மொழிக்கும் போயிருக்கிறது, ஆனால் சீரியல் எடுத்த கம்பெனியில் "மொத்தமாக வாங்கிட்டீங்க, இனிமேல் ஒன்றும் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். அது சரியில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வைத்து, காசு கொடுத்து இசை போடச் சொன்ன தயாரிப்பாளருக்கே எல்லாம் சொந்தம் என்று ரொம்ப காலம் ஓட்டினார்கள், உண்மைதான். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு கதை வேறு. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று பேசினாரே, அந்தத் திருத்தம்தான். தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில், பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், உரிமையை எழுதி வாங்கியவரோடு சம பங்கு. அந்தப் பங்கை வாரிசுக்கோ வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. சட்டம் 'சினிமா' என்று சொல்வதில் டிவி சீரியலும் அடங்கும். கடலுக்குப் போகிறவனுக்குக் கிடைத்த மீனில் பங்கு பிரிக்கும் ஊர் இது, முன்பணம் வாங்கிட்டாய் என்று பங்கை மறுத்தால் கரையில் ஒருத்தரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

உரிமை இருந்தால் மட்டும் பணம் வந்து சேராது, சிக்கலே அங்கேதான். நான் சொன்ன வசூலிக்கும் சங்கம், ஐபிஆர்எஸ், அதில் நீ உறுப்பினரா? உன் இசையெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறதா? எந்த எபிசோடில் எந்த இசை, எத்தனை வினாடி, யார் போட்டது என்ற பட்டியல், அதாவது கியூ ஷீட், சங்கத்துக்குப் போகாவிட்டால், சேனல் பணம் கட்டினாலும் அது உன் பெயருக்கு எப்படி வரும்? பின்னணி இசைக்காரர்கள் பெரும்பாலும் அடிபடுவது இந்த இடத்தில்தான். கட்டுகிறவர்களும் லேசில் கட்டுவதில்லை. எஃப்.எம். ரேடியோக்களோடு வழக்கு நடந்து 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஐபிஆர்எஸ் பக்கம் இடைக்கால உத்தரவு போட்டது, அந்த அளவுக்கு இழுபறி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2019 கடைசியில் டிஸ்கவரி டிவி நிறுவனம், அமெரிக்க ஒளிபரப்புக்கான ராயல்டியை விட்டுக்கொடுங்கள் என்று இசையமைப்பாளர்களிடம் கேட்டது. அவர்கள் வெளிப்படையாக எதிர்த்து நின்றதும் பின்வாங்கியது. தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த சீரியல் கிடைக்காதோ என்ற உன் பயம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கும் நாலு பேரையும் சேர்த்துக்கொள் என்கிறேன்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கிறார், காட்டிக் கேட்கிறேன். அவர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் புதிதாக எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
ஜோசப்