போதகரைத் தாளாளர் நாற்காலியிலிருந்து இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சபைத் தேர்தல், சொத்துத் தகராறு, பள்ளிக்கூட நியமன வழக்கு என்று எங்கள் சபைகளைப் பற்றிய செய்திகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. நடப்பதைத்தானே போடுகிறீர்கள், அதில் தப்பில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடின் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் நியமித்தபோது அந்தச் செய்தியை வீட்டில் உரக்க வாசித்தேன், யாரும் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. இவ்வளவு செய்திகளுக்கு நடுவே ஒரு போதகருடைய வேலைதான் என்ன என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் ஒரு சேகரத்துக்குள் பல ஊர்ச் சபைகள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் போதகரான சேகரகுருதான் சேகரக் கமிட்டிக்குத் தலைவர், பல இடங்களில் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவரேதான். ஆசிரியர் காலியிடம், கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஃபைல், கடை வாடகை, கோபுர வேலைக்கு வந்த கான்ட்ராக்டர், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் கணக்கு என்று காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறார், அப்புறம் பேராயரின் கீழுள்ள திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்துவிட்டால் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எந்த அணி என்று ஊரே பார்க்கிறது, எந்த அணியும் இல்லை என்றால் அடுத்த டிரான்ஸ்பர் எங்கே என்ற பயம் அவருக்கு. இத்தனையும் போக மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தயாராக வேண்டும். வீடு சந்திப்புக்கு நேரம் எங்கே?

ஆனால் அவர் அழைக்கப்பட்டதே அந்த வீடு சந்திப்புக்குத்தான் என்று நான் நம்புகிறேன். நல்ல மேய்ப்பனைப் பற்றி இயேசு சொல்லும்போது, ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்கிறார். பேர் தெரிய வேண்டுமென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடக்கும் பாட்டி திருவிருந்துக்காக (நற்கருணைக்காக) மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பிளஸ் டூவில் தோற்றுப்போன பையன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், அம்மாவுக்கு அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான், பேசுவதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் கமிட்டி மெம்பரிடமா போய்ச் சொல்வாள்? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சபைக்கு வந்த ஐயர் ஒருவர் சாயங்காலமானால் சைக்கிளில் கிளம்பிவிடுவார். கிணற்றுப் பங்குக்காக அண்ணன் தம்பி இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள், அவர் பஞ்சாயத்து எதுவும் வைக்கவில்லை, இந்த வீட்டில் ஒருநாள் அந்த வீட்டில் ஒருநாள் என்று திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்து ஜெபம் செய்துவிட்டுப் போவார், கடைசியில் அவர்களே பேசிக்கொண்டார்கள். அவர் கட்டிய கட்டடம் என்று எங்கள் ஊரில் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் பெரியவர்கள் அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இது பழைய ஏக்கம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம், வரலாறே அப்படித்தான் இருக்கிறது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேசப் போதகர், கடலூரில் பிறந்த ஆரோன், 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். தஞ்சை ராஜ்யத்துக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த விசுவாசிகளிடம் போய் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அதற்காகத்தான் அவரை ஏற்படுத்தினார்கள். நம் மண்ணில் சுதேசப் போதகர் என்ற பதவியே ஜனங்களிடம் நடந்து போவதற்காக உண்டானது என்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்த அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயரானவர், அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதே கோரிக்கையை நம் ஐயர்மாரிடமே வைக்க வேண்டிய நிலை.

அப்படியானால் பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பது, சொத்தை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் தகராறு வந்தபோது அப்போஸ்தலர்கள் அதைத் தாங்களே எடுத்துச் செய்யவில்லை, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, தாங்கள் ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருப்போம் என்றார்கள். நம் சபைகளில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், ஆடிட்டர்கள், வங்கி மேலாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் மட்டும் ஊழல் நின்றுவிடுமா? நிற்காமல் போகலாம், அதற்குத் தணிக்கை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் சாகக் கிடப்பவரின் கையைப் பிடித்து ஜெபிக்கிற மனிதர் நியமனத்துக்குப் பணம் வாங்கினார் என்ற பேச்சில் மாட்டாமலாவது இருப்பார். 'அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல' என்று பேதுரு மூப்பர்களுக்கு எழுதியது சும்மா இல்லை.

நம்மேலும் குற்றம் இருக்கிறது. புதுக் கோயில் கட்டி கல்வெட்டில் பேர் போட்டவரைத்தான் நல்ல ஐயர் என்கிறோம். சபைக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி என்று காரணம் சொல்லிக் கல்யாணத்தையும் அடக்கத்தையும் இழுத்தடிப்பதாகக் கேள்விப்பட்டால், கமிட்டி முடிவு என்று நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். துக்க வீட்டு வாசலில் ரசீது புத்தகத்துக்கு என்ன வேலை? எந்தத் திருமண்டலத்திலும் சேராத தனிச் சபைகளிலும் நிலைமை ரொம்ப வேறு இல்லை, பிளெக்ஸில் பாஸ்டர் படம் பெரிதாக இருக்கிறது, ஆயிரக்கணக்கில் கூட்டம் சேருகிறது, நாலு வாரம் வராமல் போனவரை யாரும் தேடுவதில்லை.

அடுத்த திருமண்டலப் பெருமன்றக் கூட்டங்களில் யாராவது ஒருவர் தைரியமாக எழுந்து, ஊழியத்தில் இருக்கும் போதகர் எந்தப் பள்ளிக்கும் தாளாளராக இருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவர வேண்டும். சபையின் ஆண்டறிக்கையில் காணிக்கை வரவு செலவை அச்சிடுகிறோமே, அந்த வருஷம் ஐயர் எத்தனை வீடுகளைச் சந்தித்தார் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்,
திருநெல்வேலி.